அடம்புக் கொடியில் வளர்ந்து பன்னீர்ப் பூவில் குடிப்பது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூச்சிகளைப் பற்றிய கேள்விகள் மிகுவது வழக்கம். இம்முறை வந்தவற்றுள் பல, எழுதியவர்கள் அறியாமலேயே, ஒரே குடும்பத்துப் பூச்சியைப் பற்றி வெவ்வேறு பெயரில் கேட்டிருந்தன. ஒருவர் அதைப் பறவை என்கிறார், ஒருவர் பாம்புக்குட்டி போன்ற புழு என்கிறார், இன்னொருவர் சாவுக்குறி என்கிறார். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்திமந்தாரை புதராக வளர்ந்திருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் கட்டைவிரல் பருமனுள்ள ஏதோ ஒன்று வந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே, ஊசி போன்ற அலகைப் பூவுக்குள் விட்டு உறிஞ்சுகிறது. என் மகன் ஹம்மிங் பேர்டு என்கிறான். மாமியார் தேன்சிட்டு என்கிறார். மறுநாள் காலையில் அதே போன்ற ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற இறக்கை. வயிற்றின் இருபுறமும் இளஞ்சிவப்புப் பட்டைகள். எது சரி? அது கொட்டுமா?
– ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை, அம்மா, ஆனால் இருவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஹம்மிங் பேர்டு எனப்படும் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக எங்கும் வாழ்வதில்லை. தேன்சிட்டு நம் ஊர்ப் பறவைதான் என்றாலும் அது பெரும்பாலும் கிளையையோ காம்பையோ பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும்; பொழுது சாய்ந்ததும் அடைந்துவிடும். விளக்கு வைத்த பிறகும் பூவின் முன்னால் அந்தரத்தில் நிற்பது பறவையன்று, அந்துப்பூச்சி. காலையில் சுவரில் தாங்கள் பார்த்த இளஞ்சிவப்புப் பட்டைகள் அதன் பெயரையே சொல்லிவிடுகின்றன. உயிரியல் அறிஞர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இனங்களுள் ஒன்றான அக்ரியஸ் கன்வால்வுலை என்பதே அது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா எனப் பரந்து கிடக்கும் இந்தப் பூச்சி, ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் கடல் தாண்டிப் பறப்பதும் உண்டு. உலகில் ஏறத்தாழ 1,400 இனங்களைக் கொண்ட ஸ்பிங்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் இக்குடும்பத்தைப் பருந்து அந்துப்பூச்சிகள் என்று எழுதுகிறார்கள். ‘ஸ்பிங்ஸ்’ என்ற பெயர் பூச்சியால் வந்ததன்று, புழுவால் வந்தது: தொந்தரவு செய்தால் புழு தன் முன்னுடலைத் தூக்கித் தலையை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் இருப்பது எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையைப் போல் தோன்றியதாம். இந்தப் பக்கங்களில் நான் அதை ‘அடம்பு அந்துப்பூச்சி’ என்றே அழைக்கப் போகிறேன். காரணம் மூன்றாவது கேள்வியில் வரும்.

தாங்கள் அலகு என்று கருதியது அதன் உறிஞ்சுகுழல். பூச்சி ஓய்வாக இருக்கும்போது அது பழைய கைக்கடிகாரத்தின் விசைச்சுருள் போலத் தலைக்கு அடியில் சுருண்டு கிடக்கும். ஆகவேதான் காலையில் சுவரில் இருந்த பூச்சியிடம் அந்த ‘ஊசி’யைத் தாங்கள் காணவில்லை. கூட்டிலிருந்து வெளிவரும்போது அது இரண்டு தனித்தனி நீளப் பகுதிகளாகவே இருக்கும். பூச்சி அவற்றைப் பலமுறை சுருட்டியும் விரித்தும் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக் குழலாக்கிக்கொள்கிறது. தலைக்குள் உள்ள தசைப்பை ஒன்று பம்பு போல விரிந்து சுருங்கிப் பூந்தேனை மேலே இழுக்கிறது. அடம்பு அந்துப்பூச்சிக்கு இந்தக் குழல் உடலைவிட நீளமானது. 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீள்வதும் உண்டு. அந்திமந்தாரைப் பூவின் குழலோ நம் சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதனால்தான் பூச்சி பூவை நெருங்காமல் எட்ட நின்றே குடிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில், மண்டபத்தில் நண்பர் வீட்டுப் புழக்கடையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கைக்கெட்டும் தொலைவில் இதைப் பார்த்தேன். பூச்சி வருவதற்கு முன்பே மெல்லிய காற்றொலி வந்துவிடும். பூவுக்கு நான்கு விரற்கடைத் தொலைவில் அது நின்றது. நின்றபடியே குழல் விரிந்தது. குழலின் நுனி பூவின் விளிம்பை இருமுறை தொட்டுத் தடவி, மூன்றாம் முறை துளையைக் கண்டு உள்ளே இறங்கியது. இறக்கைக் காற்றில் பூ நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு ஏற்ப உடலும் தறியில் ஓடும் நாடாவைப் போல இடமும் வலமுமாக அசைந்து ஈடுகொடுத்தது. இரண்டு மூன்று வினாடிதான். பின் உருவிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போயிற்று. போகும் வழியில் குழலை முழுதும் சுருட்டவில்லை. அரைகுறையாக வளைத்துத் தொங்கவிட்டுக்கொண்டே போனது. வேலை முடியாதபோது கருவியை உறையில் போடுவானேன் என்பது போல.

அந்தரத்தில் நிற்பது எளிய காரியமன்று. உட்கார்ந்து குடிப்பதைவிடப் பன்மடங்கு ஆற்றல் அதற்குச் செலவாகும். பறக்கும் தசை வேலை செய்ய மார்புப் பகுதி சூடேற வேண்டும். ஆகவே புறப்படுவதற்கு முன் பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து இறக்கைகளைச் சிறிது நேரம் நடுக்கிக்கொள்ளும். இக்குடும்பத்துப் பெரிய பூச்சிகளில் பறக்கும்போது மார்பின் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ்வரை போகிறது. நமக்கென்றால் அது கடுங்காய்ச்சல். இந்தச் செலவுக்கெல்லாம் வரவு பூந்தேனிலுள்ள சர்க்கரைதான். ஒரு மாலைக்குள் அது ஏன் அத்தனை பூக்களைத் தேடி அலைகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இருட்டில் எப்படிப் பூவைக் காண்கிறது என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொலைவிலிருந்து மணம் அழைக்கிறது. அருகில் வந்த பின் கண் வழிகாட்டுகிறது. 2002இல் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பிய இனத்தை வைத்து நடத்திய சோதனையில், நமக்கு எல்லாமே சாம்பலாகத் தெரியும் நட்சத்திர ஒளியிலும் அது பூவின் நிறத்தைப் பிரித்தறிந்தது. கொட்டுமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: கொட்டாது, கடிக்காது, கொடுக்கும் இல்லை, கடிக்கும் வாயும் இல்லை. மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்தில் சர்க்கரைவள்ளியும் அதை ஒட்டி உளுந்தும் போட்டிருக்கிறோம். விரல் தடிமனில் பச்சைப் புழுக்கள், சில பழுப்பு நிறத்தில், வாலில் கொம்போடு இலைகளைக் காம்புவரை தின்றுவிடுகின்றன. கொம்பில் விஷம் என்று கூலியாட்கள் தொட மறுக்கிறார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?
– ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: உச்சிப்புளி வாசகி பார்த்த பூச்சியின் பிள்ளைப்பருவம்தான் தங்கள் தோட்டத்தில் இருக்கிறது. கொம்பு வெறும் சதை நீட்சி. அதில் விஷமும் இல்லை, குத்தும் வலுவும் இல்லை. கையில் எடுத்து உள்ளங்கையில் விட்டுக் காட்டினால் ஆட்களின் அச்சம் போய்விடும். பச்சை, பழுப்பு என இருவேறு நிறங்கள் இருப்பதால் இருவகைப் புழு என்று எண்ண வேண்டாம்; இரண்டும் ஒன்றே.

மருந்துக்கு முன் புழுவின் கணக்கைப் பார்த்துவிடுவோம். தாய்ப்பூச்சி முட்டைகளைக் குவியலாக வைப்பதில்லை. இலைக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கும். ஆகவே ஒரு கொடியில் நூறு புழு இராது. இருக்கும் சிலவே பெருந்தீனி தின்பதால் நூறு இருப்பது போலத் தோன்றும். புழு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. தின்னும் இலையில் மிகப் பெரும் பகுதியைக் கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. சிறியதாக இருக்கும்போது கண்ணில் படாது; கண்ணில் படும்போது பாதிச் சேதம் முடிந்திருக்கும். இதுதான் உழவருக்கு ஏற்படும் எரிச்சலின் காரணம். இலையைத் தேடுவதைவிடத் தரையைத் தேடுவது நல்லது. மிளகைப் போன்ற, வரிவரியான கரும்பச்சைக் கழிவு உருண்டைகள் எந்தக் கொடிக்கடியில் கிடக்கின்றனவோ, அதற்கு நேர் மேலே புழு இருக்கும். காலை வெயில் ஏறும் முன் இரண்டு ஆட்கள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு நடந்தால் சிறிய தோட்டத்தை ஒரே நாளில் பொறுக்கி முடித்துவிடலாம். பொறுக்கும்போது முதுகில் அரிசிமணி போல வெண்கூடுகள் ஒட்டிய புழுவைக் கண்டால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அது குளவிக்கு இரையான புழு. அதிலிருந்து வெளிவரும் சின்னஞ்சிறு குளவிகள் தங்களுக்குக் கூலியில்லாத ஆட்கள்.

பொறுக்கி முடியாத அளவு பரப்பு என்றால், புழு சிறியதாக இருக்கும்போதே வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதக் கரைசலை மாலையில் தெளிக்கலாம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தும் இளம்புழுவுக்கே பலிக்கும். விரல் தடிமனான புழுவுக்கு மருந்து அடிப்பது, பந்தி முடிந்த பிறகு சமையற்காரரைக் கண்டிப்பது போன்றது.

முற்றிய புழு செடியில் கூடு கட்டுவதில்லை; இறங்கி மண்ணுக்குள் போய் அங்கே கூட்டுப்புழுவாகிறது. அறுவடை முடிந்து உழும்போது செம்பழுப்பு நிறத்தில், ஆள்காட்டி விரல் அளவில் ஒன்று புரண்டு வந்தால் எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கத்திலிருந்து கூஜாவின் கைப்பிடி போல ஒரு வளைவு தனியாகப் பிரிந்து தொங்கும். அடம்பு அந்துப்பூச்சியை அடையாளம் காண அதைவிட நல்ல குறி இல்லை. உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் அந்த நீளக் குழலுக்கு உடலுக்குள் இடம் போதாமல் வெளியே தனி உறை செய்துகொடுத்திருக்கிறது இயற்கை. கோடை உழவில் இவை மேலே வந்துவிட்டால் ஏர் பின்னால் வரும் மைனாவும் கொக்கும் மிச்சம் வைப்பதில்லை.

கேள்வி: கடற்கரை மணலில் படர்ந்திருக்கும் அடம்புக் கொடியின் ஊதாப் பூக்களில் இந்த இரவுப் பூச்சிகள் தேன் குடிக்க வருமா? எங்கள் பகுதியில் கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று கொடிகளை வாரி எடுத்துவிட்டார்கள். அதனால் பூச்சிகளுக்குப் பாதிப்பு உண்டா?
– கல்லூரி மாணவி, வேதாளை

பதில்: இந்தக் கடிதக்கட்டில் நான் மிகவும் மகிழ்ந்து படித்த கேள்வி இது, ஏனென்றால் பதில் நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. அடம்புப் பூ காலையில் விரிந்து, வெயில் முற்றி மாலையாவதற்குள் வாடிவிடும்; அதன் விருந்தினர் பகலில் வரும் தேனீக்களும் வண்டுகளும். நம் பூச்சி எழுந்திருக்கும் நேரத்தில் அடம்பில் விரிந்த பூ இராது. ஆனாலும் இருட்டிய பின் டார்ச் அடித்துப் பார்த்தால் கொடிக்கு மேல் அது தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பதைக் காணலாம். குடிக்க வரவில்லை, முட்டையிட வந்திருக்கிறது. சங்கப் புலவர்கள் மானின் குளம்புக்கு ஒப்பிட்ட அந்தப் பிளவுபட்ட இலைதான் புழுவின் உணவு. சர்க்கரைவள்ளியும் அடம்பும் ஒரே இனக்குடும்பம். ஐப்போமியா என்னும் பேரினத்துச் செடிகளே இதன் புழுவுக்கு முதல் விருப்பம். உழவன் நட்டது சர்க்கரைவள்ளி, கடல் நட்டது அடம்பு. பூச்சிக்கு இரண்டும் ஒன்றே. நான் இதை அடம்பு அந்துப்பூச்சி என்று அழைப்பது இதனால்தான்.

அப்படியானால் குடிப்பது எங்கே? நம் கரையில் மாலையில் விரியும் வெள்ளைப் பூக்களைத் தேடிப் பாருங்கள். நிறம் வெளிறியது, மணம் கனத்தது, குழல் நீண்டது, விரியும் நேரம் அந்தி: இந்த நான்கும் சேர்ந்தால் அது அந்துப்பூச்சிக்காகவே அமைந்த பூ என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். திருச்செந்தூரில் எந்த மரத்தின் இலையில் திருநீறு வைத்துத் தருகிறார்களோ, அந்தப் பன்னீர் மரம் கடலோரத்துக்கே உரியது. அதன் பூ மாலையில் விரிந்து விடியலில் உதிரும். உப்பங்காற்றைப் பொருட்படுத்தாத விஷமூங்கில் இன்னொன்று. அதன் பூக்குழல் விரல் நீளத்துக்குக் குறையாது. ஊருக்குள் வந்தால் மரமல்லி, ஊமத்தை, அந்திமந்தாரை. மரமல்லி மரத்தடியில் விடியற்காலையில் விரிப்பு விரித்தது போல் உதிர்ந்து கிடக்கும் பூக்களில் ஒன்றை எடுத்துக் காம்புக்குழலை அளந்து பாருங்கள். யாருக்காக அத்தனை நீளம் என்பது விளங்கும். இத்தகைய பூக்களின் தேன் நீர்த்தே இருக்கும். கெட்டித்தேனை நீண்ட மெல்லிய குழலில் இழுப்பது எத்தனை கடினம் என்பதை ஸ்ட்ராவில் பாகு குடித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

ஆக, இந்தப் பூச்சிக்கு இரண்டு சமையலறைகள். பிள்ளைப்பருவத்தில் இலை, உடலையும் முட்டைக்கான சத்தையும் பெரும்பாலும் அதுவே கட்டுகிறது. வளர்ந்த பின் பூந்தேன். அது பறப்பதற்கான எரிபொருள். சர்க்கரை எரியும்போது தசைக்கு உண்டாகும் கேட்டைத் தடுக்கும் பொருள்களையும் இக்குடும்பத்துப் பூச்சி அதே சர்க்கரையிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு சமையலறைகளும் ஒரே தெருவில் இருக்க வேண்டியதில்லை. ஒரே இரவில் பறந்து எட்டும் தொலைவில் இருந்தால் போதும். ஆனால் ஒன்று மூடிக்கொண்டால் மற்றதால் ஈடுசெய்ய முடியாது. தங்கள் பகுதியில் கொடியை வாரியவர்கள் ஒரு பூவையும் தொடாமலேயே, பன்னீர் மரத்துக்கும் மரமல்லிக்கும் இரவில் வரும் விருந்தினரைக் குறைத்திருக்கிறார்கள். கொடியோடு மணலும் போகும் என்பதைக் கரையில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடம்பு வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். மறுபடி வாராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓர் அடி நீளக் குழல் உள்ள அந்துப்பூச்சியை டார்வின் பார்க்காமலேயே கண்டுபிடித்தார் என்று ஆசிரியர் சொன்னார். உண்மையா? நம் ஊரில் அப்படி உண்டா?
– பத்தாம் வகுப்பு மாணவர், இராமேசுவரம்

பதில்: தம்பி, ஆசிரியர் சொன்னது உண்மை, ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட ‘ஊகித்தார்’ என்பது பொருத்தம். மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் பூ ஒன்று 1862இல் டார்வினின் கைக்கு வந்தது. அதன் தேன்குழல் பதினொன்றரை அங்குல நீளம். தேனோ அடியில் சிறிதளவே. இதை எட்டும் நாக்குடைய அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தே தீர வேண்டும் என்றார். சிலர் நகைத்தனர். 1867இல் இயற்கையியல் அறிஞர் வாலஸ், அது பருந்து அந்துப்பூச்சியாகத்தான் இருக்கும் என்று மேலும் குறுக்கிச் சொன்னார். 1903இல் ராத்ஸ்சைல்டு, ஜோர்டான் என்ற பூச்சியியலாளர்கள் அந்தப் பூச்சியை விவரித்து, ‘முன்கூட்டிச் சொல்லப்பட்டது’ என்று பொருள்படும் ‘பிரடிக்டா’ என்ற பெயரைச் சூட்டினார்கள். அப்போது டார்வின் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

நாக்கு ஏன் இப்படி நீள வேண்டும் என்பதற்கு டார்வின் சொன்ன காரணத்தை நம் அந்திமந்தாரையிலேயே காணலாம். பூச்சியின் குழல் பூவின் குழலைவிட நீளமாக இருந்தால் எட்ட நின்றே குடித்துவிட்டுப் போய்விடும்; மகரந்தம் தலையில் ஒட்டாது. பூச்சி முகத்தைப் பூவில் பதிக்குமளவுக்கு நீண்ட குழலுள்ள பூவே விதை பெறும். பூ நீள, அடித்தேனை எட்டப் பூச்சியும் நீள, இப்படித் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போயின என்பது அவர் கருத்து. இதை மறுத்தவர்களும் உண்டு: பூவில் பதுங்கியிருக்கும் சிலந்திக்கு எட்டாத தொலைவில் நிற்பதற்காகவே நாக்கு முதலில் நீண்டது, பூ பின்னால் ஈடுகொடுத்தது என்பது அவர்கள் வாதம். பூவின் முன் இடமும் வலமுமாக ஆடுவதும் சிலந்திக்கு அஞ்சித்தான் என்கிறார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. நம் கரையில் ஓர் அடி நாக்கு இல்லை. உன் உள்ளங்கை அகலத்தைவிட நீளமான நாக்கு மாலைதோறும் வருகிறது. அதை முதலில் பார்.

கேள்வி: சென்ற வாரம் இரவில் பெரிய விட்டில் ஒன்று வீட்டுக்குள் வந்தது. முதுகில் மண்டையோடு வரைந்தது போல இருந்தது. துடைப்பத்தால் தள்ளியபோது சுண்டெலி போலக் கீச்சிட்டது. வீட்டில் நோயாளி இருப்பதால் எல்லாரும் கலங்கிவிட்டார்கள்.
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: கலங்க வேண்டாம், ஐயா. அது அக்கெரான்ஷியா என்ற பேரினத்துப் பூச்சி. தமிழ்நாட்டில் ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் என இரண்டு இனங்கள் உண்டு. ஒன்றுக்குக் கிரேக்கர்களின் பாதாள ஆற்றின் பெயரையும், மற்றதற்கு ஆயுளை அளக்கும் அவர்களுடைய விதித்தேவதையின் பெயரையும் வைத்தவர்கள் ஐரோப்பியர். அச்சம் தங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அது நோயாளியைத் தேடி வரவில்லை, விளக்கைத் தேடி வந்தது. பக்கத்தில் எள் விதைத்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். இதன் புழு எள்ளுச் செடியை விரும்பித் தின்னும், கத்தரியையும் ஊமத்தையையும் விடாது.

உணவுப் பழக்கத்தில் இது தன் உறவினர்களிடமிருந்து முற்றிலும் பிரிந்து நிற்கிறது. மற்றவை பூவுக்குப் பூ அலைந்து நீர்த்த தேனைச் சேகரிக்கும்போது, இது தேனீக்களின் கூட்டுக்குள் நேரே நுழைந்து, அவை வற்றவைத்துச் சேர்த்த தேனைத் திருடிக் குடிக்கிறது. கூட்டுத்தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவே. அத்தனை கெட்டியானதை மெல்லிய நீளக்குழலால் இழுக்க முடியாது. ஆகவே இதன் குழல் குட்டையாகவும் தடித்தும் நுனி கூராகவும் இருக்கிறது. மெழுகு மூடியைக் குத்தித் திறக்க அதுவே உளி. ஆயிரக்கணக்கான கொடுக்குகளுக்கு நடுவே எப்படிப் பிழைக்கிறது என்றால், தேனீக்களின் உடலில் உள்ள அதே கொழுப்புப் பொருள்கள் இதன் உடலிலும் பூசியிருப்பதால் இருட்டுக் கூட்டுக்குள் அவை இதை அயலாராக உணர்வதில்லை என்று ஐரோப்பிய இனத்தை ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள். தடித்த மேல்தோலும் உதவுகிறது. எப்போதும் தப்பிவிடும் என்பதில்லை. தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் அடிப்பலகையில் செத்துக் கிடக்கும் திருடனை அவ்வப்போது காண்பார்கள். பெட்டியின் வாசலைத் தேனீ மட்டும் நுழையுமளவுக்குக் குறுக்கிவிட்டால் தொல்லை தீரும்.

கீச்சொலி வந்ததும் அந்தக் குட்டைக் குழலின் வழியாகவேதான். தொண்டைப் பையை விரித்துக் காற்றை உள்ளிழுக்கையில் அங்குள்ள மடல் துடித்து ஒலி எழுகிறது. வெளிவிடும்போது இன்னொரு சுருக்கமான ஒலி. தேனை இழுக்கும் அதே பம்பு ஆபத்தில் ஊதுகுழலாகிறது.

கேள்வி: அரளிச் செடியில் பச்சைப் புழு, முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள். அரளி விஷம் இதை ஒன்றும் செய்யாதா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: செய்யாது. அது டாஃப்னிஸ் நெரியை என்ற அரளி அந்துப்பூச்சியின் புழு. நந்தியாவட்டையையும் நித்தியகல்யாணியையும்கூடத் தின்னும். ஆடு மாடு தொடாத இலையைத் தின்று செரிக்கக் கற்றதால் அதற்குப் போட்டி குறைவு. நீலப் புள்ளிகள் கண்கள் அல்ல. பறவையை மிரட்டும் வேடம். உண்மையான தலை அவற்றுக்கு முன்னால் சிறியதாக இருக்கும். கூட்டுப்புழுவாகும் முன் பச்சை மங்கிப் பழுப்பேறும். நோய் என்று எண்ணிவிடாதீர்கள். அரளி மறுபடி தழைத்துக்கொள்ளும்.

கேள்வி: நண்பகலில் இட்லிப்பூவில் இதே போல நின்று குடிக்கும் ஒன்றைக் கண்டேன், கண்ணாடி போன்ற இறக்கை. அதுவும் அந்துப்பூச்சியா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: ஆம். செஃபோனோடிஸ் ஹைலஸ். கூட்டிலிருந்து வரும்போது இறக்கையில் செதில்கள் இருக்கும். முதற்பறப்பிலேயே உதிர்ந்து கண்ணாடியாகிவிடும். வண்டு போன்ற தோற்றம் பறவைகளைத் தயங்க வைக்கிறது. அதனால்தான் பகலில் வரத் துணிகிறது.

கேள்வி: என் தங்கை அடம்பு அந்துப்பூச்சி ஒன்றைப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, சர்க்கரைத் தண்ணீர் வைத்திருக்கிறாள். குடிக்கவே இல்லை. வேறு என்ன கொடுக்கலாம்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தங்கச்சிமடம்

பதில்: எதைக் கொடுத்தாலும் குடிக்காது, அம்மா. அது குடிக்கும் முறையே பறந்துகொண்டு குடிப்பது. நிற்க அந்தரம் இல்லாத இடத்தில் குழலை விரிக்க அதற்குத் தெரியாது. ஆய்வுக்கூடங்களில் குழலை ஊசியால் மெல்ல விரித்துச் சர்க்கரைக் கரைசலில் தோய்த்துக் குடிக்க வைப்பதுண்டு. பழக்கமில்லாத கை அதைச் செய்தால் குழல் முறியும், முறிந்த குழல் மறுபடி ஒட்டாது. பாட்டில் சுவரில் மோதி மோதி இறக்கைச் செதில்களும் உதிர்ந்துகொண்டிருக்கும். இன்று மாலை, விளக்கு வைத்த பிறகு, முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டிலை ஏதாவது ஒரு பூச்செடியருகே சாய்த்து வைத்து மூடியைத் திறந்துவிடச் சொல். உடனே பறக்காது, விளிம்புவரை நடந்து வந்து, அங்கேயே நின்று இறக்கைகளை நடுக்கத் தொடங்கும். குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தங்கை அதன்மேல் கைக்குட்டையைப் போர்த்திவிடாமல் பார்த்துக்கொள். அது புறப்படுவதற்குச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது.